எல்லார் பேரும் எழுதிய துப்பாக்கி

வரட்டாத்துப்பட்டியில் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்வதென்றால், அந்த வருடம் ஐப்பசி அடைமழை விட்ட மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி அடித்துப் பத்து நிமிடம் ஆனபோது, வங்கிக் காவலாளி சுருளிவேல் வழக்கம்போலத் தன் இரட்டைக்குழல் துப்பாக்கியை வலது தோளில் மாட்டிக்கொண்டு, குழல் வானத்தையும் கட்டை தரையையும் பார்க்க, கடைத்தெரு வழியாக வேலைக்கு நடந்துகொண்டிருந்தார். டீக்கடை தவமணி ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தாமலே, "என்னண்ணே, துப்பாக்கியில எம் பேரை வெட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டான்.

சுருளிவேல் நின்றார். துப்பாக்கியை இறக்கிக் கட்டையைத் திருப்பிப் பார்த்தார். பதினாலு வருடம் கைப்பட்டுக் கைப்பட்டுப் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்ட மரம்; பேருந்துக் கம்பியில் உரசிய ஒரு கீறல்; அதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

"எங்கடா?"

"இந்தா, இங்க. ப. தவமணின்னு. எவர்சில்வர் குடத்துல வெட்டுற மாதிரி சின்னச் சின்னப் புள்ளியா. எந்தப் பாத்திரக்கடையில குடுத்தீங்க? எம் பேரு மேல உங்களுக்கு என்னண்ணே அம்புட்டுப் பிரியம்?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த திராட்சைத் தரகர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "நீ படிச்ச லட்சணம். இது தவமணி இல்ல, எம் பேரு" என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் பார்த்தார். அவருக்கு அவர் பெயர் இருந்தது. எதிர்க்கடை இரும்பு வியாபாரி தெருவைக் கடந்து வந்து பார்த்தார். அவருக்கு அவர் பெயர் இருந்தது, முன்னெழுத்து இரண்டோடும். இப்படி அன்று காலை பத்து மணிக்குள் பதினேழு பேர் பார்த்து, பதினேழு பேரும் அவரவர் பெயரையே படித்தார்கள். சுருளிவேலுக்கு மட்டும் மரமும் கீறலும் தெரிந்தன.

அதுவரைக்கும் அந்த ஊரில் சுருளிவேலின் துப்பாக்கியை யாரும் துப்பாக்கியாகப் பார்த்ததில்லை. அது ஒரு குடை மாதிரி, கைத்தடி மாதிரி, அவரோடு வருகிற ஒன்று. பேருந்தில் ஏறினால் நடத்துனர், "குழலை ஒசக்கப் பிடிங்க கன்மேன் அண்ணே, ஆளு கண்ணுல குத்திறப் போகுது" என்பார், கரும்புக் கட்டு கொண்டுவந்தவனிடம் சொல்வதைப் போல. ஊரே அவரைக் கன்மேன் என்றுதான் கூப்பிட்டது. அவருக்கென்று ஒரு பெயர் இருப்பது வங்கிக்கும் வீட்டுக்கும் மட்டும் தெரியும். ராணுவத்தில் பதினேழு வருடம் லாரிகளுக்கு அடியில் படுத்து எண்ணெய் ஒழுக்கை அடைத்துக்கொண்டிருந்தவர் அவர். பயிற்சித் திடலில் அட்டைப் பலகையைச் சுட்டதோடு சரி. ஊருக்குத் திரும்பியபோது, சொந்தத் துப்பாக்கியும் அதற்கு உரிமமும் உள்ள முன்னாள் ராணுவத்தினருக்கு வங்கியில் காவல் வேலை உண்டு என்று சொன்னார்கள். மதுரையில் பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கினார், உரிமம் எடுத்தார், வேலை வந்தது. துப்பாக்கி இருக்கிறவரை வேலை இருக்கும், துப்பாக்கி போனால் வேலையும் போகும் என்பது அவருக்கும் மனைவி வீருசின்னுவுக்கும் திருப்பூரில் இருந்த மகனுக்கும் தெரிந்த கணக்கு. இத்தனை வருடத்தில் அது ஒரு தடவைகூட வெடித்ததில்லை. துப்பாக்கி வைத்திருந்தும் யாரும் பயப்படாத மனிதன் என்று தன்னைப் பற்றி ஒரு சின்னப் பெருமை சுருளிவேலுக்கு இருந்தது. அதை அவர் வெளியே சொன்னதில்லை.

அன்று வங்கி வாசலில் அவர் போய் நின்றதும், முதியோர் பணம் எடுக்க வந்த பூக்காரி ஒச்சம்மாள் சிரித்தாள்.

"எல்லாரும் பேர் தெரியுது பேர் தெரியுதுங்கிறானுக. எழுத்தே தெரியாதவளுக்கு என்ன தெரியப்போகுது? காட்டு, பாப்போம்."

அவள் குனிந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது. தன் வலது பெருவிரலைத் தூக்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள், மறுபடி கட்டையைப் பார்த்தாள்.

"எங் கைநாட்டுய்யா. நார் அறுத்த தழும்புகூட இருக்கு."

அதற்குப் பிறகுதான் மற்றவர்களும் கவனித்தார்கள். தவமணிக்குத் தெரிந்த 'தவமணி', தவமணியின் கையெழுத்திலேயே, நான்காம் வகுப்போடு நின்றுபோன அந்தக் கோணல் எழுத்திலேயே இருந்தது. வங்கி மேலாளர் ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது, அவர் வரைவோலைகளில் போடுகிற கையொப்பம், அடியில் இரண்டு புள்ளிகளோடு. தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதமே ஆன அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க வாசலுக்கு அந்தப் பக்கமா நில்லுங்களேன்" என்றார். சுருளிவேல் அந்தப் பக்கமாகப் போய் நின்றார். அந்தப் பக்கத்திலிருந்தும் தெரிந்தது.

முதல் வாரம் வங்கிக்குக் கூட்டம் குறைந்தது. இரண்டாம் வாரம் காவல் ஆய்வாளர் வந்து, துப்பாக்கியை மேசைமேல் கிடத்தி, இரும்பில் பொறித்த எண்ணையும் உரிமப் புத்தகத்து எண்ணையும் ஒரு விரலால் தொட்டுத் தொட்டு ஒத்துப்பார்த்தார். இரும்பில் உள்ள எண்ணை அழிப்பதோ மாற்றுவதோ குற்றம். எண் பத்திரமாக இருந்தது. மரத்தில் பெயர் தெரியக் கூடாதென்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 'ஆயுதம் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையொப்பம் போட்டார். போட்ட கையொப்பத்தையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஜீப்பில் ஏறிப் போனார்.

சுருளிவேல் மதுரைக்குக் கொண்டுபோய், வாங்கிய கடையிலேயே கொடுத்துக் கட்டையை இழைக்கச் சொன்னார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பேருந்துக் கம்பியின் ஆழக் கீறல் மட்டும் மிஞ்ச வெள்ளை மரம் தெரிகிறவரை தேய்த்து, அந்த வெள்ளை மரத்தில் கடைக்காரர் தன் பெயரைப் படித்தார். துண்டைச் சுற்றிக் கட்டினார்கள்; துண்டின்மேல் தெரிந்தது. கடைக்காரர் துண்டை அவிழ்த்து, மெருகெண்ணெய் பூசி, கூலி வேண்டாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

எந்த அதிசயமும் ஒரு ஊருக்கு வந்தால், ஒரு மழைக்காலம்வரை அதிசயமாக இருக்கும். மழை விட்டபின் அதற்கு ஏதாவது ஒரு வேலை கொடுத்துவிடுவார்கள். தை பிறப்பதற்குள் வரட்டாத்துப்பட்டிக்காரர்கள் சுருளிவேலின் துப்பாக்கிக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். ரேஷன் அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று அலைந்தவர்கள் வங்கி வாசலுக்கு வந்து நின்று, எது சரியென்று பார்த்துக்கொண்டு போய் மனுக் கொடுத்தார்கள். "துப்பாக்கியில எப்படி இருக்கோ அப்படியே எழுதுங்கய்யா" என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னார்கள், அவரும் எழுதினார். தகப்பன் விட்டுவிட்டுப் போன ஒருத்தனுக்கு முன்னெழுத்தில் அம்மா பெயர் தெரிந்தது. அவன் அன்று மாலையே தன் கடைப் பலகையை மாற்றி எழுதினான். கல்யாணமாகிப் பெயரை மாற்றிக்கொண்ட பெண்கள், புதுப் பெயர் ஒட்டிவிட்டதா என்று பார்க்க வந்தார்கள். சிலருக்கு ஒட்டியிருந்தது.

பேருந்து நிலையத்தில் ஆறேழு வருடமாகக் கிடந்த ஒருவரை ஊரே ராசா, ராசா என்று கூப்பிட்டுச் சோறு போட்டுவந்தது. எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை என்று அவருக்கும் தெரியாது. மார்கழி மாதத்து வெயிலுக்காக வங்கிச் சுவரோரம் வந்து உட்கார்ந்தவர், துப்பாக்கியைப் பார்த்து, வாய்விட்டு, எழுத்துக்கூட்டி, "இ ரு த ய ரா ஜ்" என்று படித்தார். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் தானாக வந்தன. ஒரு வாரத்தில் அண்ணன் மகன்கள் இரண்டு பேர் வந்து, புதுச் சட்டை போட்டுவிட்டு அழைத்துப் போனார்கள். அதன்பிறகு துப்பாக்கிக்கு ஒரு நல்ல பெயரே வந்துவிட்டது. பங்குனித் திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்று கோயில்காரர்கள் வந்து கேட்டார்கள்.

ஆனால் பதினாலு வருடம் வாசலில் நின்று வருகிறவர் போகிறவரைப் பார்த்தே பழகிய கண் சுருளிவேலுக்கு. பெயர் பார்க்க வந்தவர்கள் ஒருவரும் இரண்டாம் தடவை படிக்கவில்லை என்பதை அவர் பார்த்தார். சிரித்துக்கொண்டு வருகிறவர்களும், பார்த்து முடித்ததும், சரியாக மூன்று எட்டு பின்னால் வைத்தார்கள். நாலாவது மாதத்தில் வங்கி வாசலில் புல் முளைத்தபோது, ஆட்கள் நடக்கிற தடம் அவர் நிற்கிற இடத்தைவிட்டு இடதுபக்கமாக வளைந்து போவது பளிச்சென்று தெரிந்தது. தன் பெயரைப் பார்க்க எல்லோரும் வந்தார்கள். பிள்ளையோடு வந்தவர்கள் மட்டும் பிள்ளையின் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

ஒருநாள் டீக்கடையில் அவர் கேட்டேவிட்டார்.

"தவமணி, என்னையப் பாத்தா பயமா இருக்காடா?"

"உங்களைப் பாத்தா? உங்களைப் பாத்து பூனை பயப்படுமாண்ணே? சர்க்கரை கூடன்னு டீயைத் திருப்பிக் குடுக்கவே நீங்க ரெண்டு நாள் யோசிப்பீங்க."

"அப்புறம் ஏன் நான் வந்தா பெஞ்சுல அந்த ஓரத்துக்கு நகர்றானுக?"

தவமணி தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். "அது பழைய துப்பாக்கிதான், நீங்க பழைய ஆளுதான். ஆனா ஒரு கடிதாசி வருதுன்னு வையுங்க. முகவரி இல்லாத வரைக்கும் அது யாருக்கோ. நம்ம பேரு இருந்தா நமக்கு வந்தது. அம்புட்டுத்தாண்ணே." பிறகு, பேச்சை மாற்றுகிறவன் மாதிரி, "ஆமா, வீட்டுல அக்காவுக்கு என்ன தெரியுதாம்?" என்றான்.

"அவளுக்கென்ன, தெனம் பாக்குறதுதான" என்றார் சுருளிவேல். அதைச் சொல்லும்போதுதான், ஊரில் முன்னூறு பேர் என்ன பார்த்தார்கள் என்று தனக்குத் தெரியும், வீட்டில் இருப்பவள் என்ன பார்த்தாள் என்று கேட்டதே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. உறைத்ததை டீயோடு விழுங்கிவிட்டு வேலைக்குப் போனார்.

திருவிழா வருவதற்குள் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. தேர்தல் அறிவித்தால் உரிமம் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்து ஒரு வாரம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வங்கித் துப்பாக்கிக்கு விலக்குக் கேட்டு ஒவ்வொரு தேர்தலுக்கும் வங்கி கடிதம் எழுதும். பதில் எப்போதும் ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் வரும். அதனால் சுருளிவேல் வழக்கம்போலக் கொண்டுபோய்க் கொடுத்தார். காவல் நிலைய ரைட்டர், பதிவேட்டைப் பார்த்து, முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு துப்பாக்கியை வாங்கி, மற்ற துப்பாக்கிகளோடு அலமாரியில் சாத்தினார். வங்கியில் அதுவரைக்கும் நிற்க ஒரு மூங்கில் கம்பு கொடுத்தார்கள்.

இங்கே சுருளிவேலின் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தன் மனைவிக்குத் தேர்தல் என்றால் உயிர் என்று அவர் பதினாலு வருடமாக நம்பிக்கொண்டிருந்தார். நம்பக் காரணம் இருந்தது. தேர்தல் வந்தால் வீருசின்னு வாசலில் போடுகிற கோலம் பெரிதாகும். நாலு புள்ளி ஏழு புள்ளியாகும். மத்தியானம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் காலை நீட்டித் தூங்குவாள். எல்லாவற்றுக்கும் மேலாக, பாடுவாள். அடுப்படியில், கிணற்றடியில், அரிசி புடைக்கும்போது, வாய்க்குள்ளேயே ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். மற்ற நாளில் அவள் பாடி அவர் கேட்டதில்லை. நாடாளுமன்றத் தேர்தலிலும் பாடினாள், சட்டமன்றத் தேர்தலிலும் பாடினாள், கூட்டுறவுச் சங்கத் தேர்தலுக்குக்கூட யாரோ துப்பாக்கியை வாங்கி வைக்கச் சொல்ல, அந்தப் பத்து நாளும் பாடினாள். அரசியலில் இவ்வளவு ஆர்வம் உள்ளவளுக்குப் பேச ஆள் வேண்டுமே என்று, அவர் டீக்கடையில் கேட்ட வேட்பாளர் விவரங்களையெல்லாம் ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் ஒன்று விடாமல் அவளுக்குச் சொல்வார். அவளும் உம் கொட்டுவாள்.

இந்தத் தடவை, துப்பாக்கி போன நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவள் அடுப்படி வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுருளிவேல் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே ஆணி காலியாக இருந்தது. வேட்பாளர் ஒருவர் கட்சி மாறிய செய்தியைச் சொல்லவந்தவர், அதைச் சொல்லாமல் வேறொன்றைக் கேட்டார்.

"வீரு, உனக்குத் தேர்தல்னா அம்புட்டுப் பிடிக்குமா?"

"தேர்தலா?" அவள் கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "எவன் வந்தாலும் நம்ம தெருவுக்கு மூணு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி வருது. அதுல பிடிக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

"அப்புறம் ஏன் பாடுற?"

முறம் நின்றது.

"பாடுறனா?"

"தேர்தலுக்குத் தேர்தல் பாடுவ."

அவள் உண்மையாகவே யோசித்தாள். முறத்து அரிசியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு அவர் தலைக்கு மேலே ஆணியைப் பார்த்தாள். அவர் அவள் பார்வை போன இடத்துக்குத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, ஆறு மாதமாகக் கேட்காததைக் கேட்டார்.

"அதுல உனக்கு என்ன தெரியுது?"

"ஊரே ஒருத்தர ஒருத்தர் கேட்டு முடிச்சாச்சு. உங்களுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சதாக்கும்."

"சொல்லு வீரு."

"எம் பேருதான். வேற யாரு பேரு தெரியப்போகுது?"

"ஐப்பசியில இருந்தா?"

"ஊருக்கு ஐப்பசியில இருந்து. எனக்கு, அது இந்த வீட்டுக்குள்ள வந்த அன்னைக்கே."

அவள் முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"மதுரையில இருந்து கொண்டாந்தீங்க. இந்தச் செவுத்துல ஆணி அடிச்சீங்க. மாட்டுறதுக்கு முன்னாடி, விசை சரியா இருக்கான்னு பாக்குறதுக்கு, அடுப்படிப் பக்கமா நீட்டி ஒரு அமுக்கு அமுக்குனீங்க. டக்குன்னுச்சு. நான் கேப்பை மாவு பெசஞ்சுக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தேன். நீங்க சிரிச்சீங்க. 'காலிடி, காலி'ன்னீங்க. அப்பவே அந்தக் கட்டையில எம் பேரு இருந்துச்சு."

"காலியாத்தான இருந்துச்சு?"

"காலின்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு நீங்க சொல்லித்தான தெரியும்?"

"நான் என்னைக்காவது உன்னைய…"

"ஒரு நாளும் இல்ல. கை ஓங்கினது இல்ல, ஒரு கெட்ட வார்த்தை பேசினது இல்ல. அதையா சொல்றேன்?" அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, கடைச் சாமான் சொல்கிறவள் மாதிரி சொன்னாள். "ரசத்துல உப்புக் கூடிப்போனா நீங்க தட்டை நகட்டுவீங்கள்ல. எல்லா வீட்டுலயும் நகட்டுறதுதான். அவளுக தட்டை மட்டும் பாத்தாப் போதும். நான் தட்டையும் பாக்கணும், செவுத்தையும் பாக்கணும்."

"இத்தனை வருசமா சொல்லவே இல்லையே?"

"சோறு போடுற சாமான். அதைப் போயி என்னன்னு சொல்ல?"

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். பாட்டு வரவில்லை. பாடுகிறாய் என்று சொன்னதால் அது நின்றுபோயிற்று என்பது சுருளிவேலுக்குப் புரிந்தது. அந்தத் தேர்தல் முடிகிறவரை அது திரும்ப வரவே இல்லை; கோலம் மட்டும் பெரிதாகவே இருந்தது.

ஓட்டுப் போட்டார்கள், எண்ணினார்கள், ஒருவர் ஜெயித்தார். ஒரு வாரம் கழித்து, வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை காலையில், சுருளிவேல் சீருடையைப் போட்டுக்கொண்டு, ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார். திரும்ப வாங்கத்தான் போனார். வழி நெடுக ஒரு வழி யோசித்துக்கொண்டே போனார்: ஆணியைப் பிடுங்கிக் கொல்லைப்புறத்து அறையில் அடிக்கலாம், பெட்டி செய்து பூட்டி வைக்கலாம், பூட்டிச் சாவியை அவளிடமே கொடுக்கலாம். எல்லாமே நல்ல யோசனைகளாகத்தான் இருந்தன.

ரைட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டே துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தார். "சரியா இருக்கான்னு பாத்துக் கையெழுத்துப் போடுங்க கன்மேன்."

சுருளிவேல் கட்டையைத் திருப்பினார். பேருந்துக் கம்பியில் உரசிய கீறல் இருந்தது. அதற்குச் சரியாக அரை அங்குலம் கீழே, சின்னச் சின்னப் புள்ளியாக, பெயர் இருந்தது. அவருடைய பெயர் இல்லை. பருப்பு டப்பாவிலும் மிளகு டப்பாவிலும் சுண்ணாம்பால் எழுதுகிற அதே கை; 'ரு'வின் வால் எலிவாலைப் போலக் கீழே நீண்டு வளைகிற அதே எழுத்து. 'சு. வீருசின்னு' என்று இருந்தது.

அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், விரலால் தடவினார். மரம் வழவழவென்றுதான் இருந்தது. பதினாலு வருடமாகத் தினம் எண்ணெய் போட்டுத் துடைத்த இடம்.

"ஐயா, இதைத் திரும்ப வாங்காம, ஒரேயடியா ஒப்படைக்கணும்னா என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

ரைட்டர் இப்போதுதான் திரும்பினார். "வேலை போயிருமேய்யா."

"தெரியும்."

படிவம் ஒன்று இருந்தது. ரைட்டர் அதைத் தேடி எடுக்கவே அரை மணி ஆயிற்று; யாரும் கேட்டு வந்ததில்லை. உரிமத்தின் எண், துப்பாக்கியின் எண், தோட்டாக்கள் எத்தனை என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு வந்த சுருளிவேல், ஒப்படைப்பதற்கான காரணம் என்ற கட்டத்தில் நின்றார். யோசித்து, 'வீட்டில் இடமில்லை' என்று எழுதினார்.

"மூணரை அடி நீளம்" என்றார் ரைட்டர். "ஒரு ஆணி போதும். இதுக்கா இடமில்ல?"

"சின்ன வீடுய்யா. ரொம்ப நாளா இடைஞ்சலா இருந்திருக்கு."

வங்கிக்குப் போய்ச் சொன்னார். மேலாளர் ஜெசிந்தா உண்மையாகவே வருந்தினார். கம்பு பிடித்து நிற்கிற ஆளுக்கு வங்கியில் இடம் இல்லையே அண்ணே என்றார், டீ வாங்கிக் கொடுத்தார், எழுந்து வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவரும் பழக்கதோஷத்தில் இடதுபக்கமாகத்தான் நடந்தார். கடைத்தெருவில் சுருளிவேல் வெறும் தோளோடு வந்தபோது, அன்று துப்பாக்கி திரும்பும் என்று தெரிந்து எதிரே வந்தவர்கள் பழையபடி இடதுபக்கம் ஒதுங்கி, ஒதுங்கியபின் எதற்கு ஒதுங்கினோம் என்று நின்றார்கள். தேர்தல் முடிகிறவரை தோளில் கம்பையாவது சாத்திக்கொண்டு நடந்த சுருளிவேலுக்கும் வெறும் தோளோடு நடை பழகவில்லை. மூன்று கிலோ எடைக்கு ஈடாக வலதுதோளைத் தூக்கியே நடந்தவர், இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனார்.

"எங்கண்ணே எம் பேரு?" என்றான் தவமணி.

"உன் பேரை நீயே வச்சுக்கடா."

"அப்ப வேலை?"

"உங்க தரகர் தோட்டத்துல திராட்சைக்கு மைனா விழுதுன்னு பொலம்பிக்கிட்டு இருந்தாருல்ல. தகரம் தட்ட ஆளு வேணுமான்னு கேளு."

பெஞ்சில் இருந்த தரகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வேணுந்தான். ஆனா வங்கிச் சம்பளம் எங்கிட்ட எதிர்பாக்கப்படாது" என்றார். பாதிகூட வராது என்று சொன்னார். சொல்லிவிட்டு, "உங்க பேரு என்னய்யா? கூலிச் சீட்டுல எழுதணும்" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. அவரே சொன்னார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, குறடு எடுத்துவந்து, எதிர்ச் சுவரில் ஆணியைப் பிடுங்கப் போனார். பின்னால் ஈரக்கையோடு வீருசின்னு வந்து நின்றாள். அவர் தோளைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், வாசலில் ஏதாவது சாத்தி வைத்திருக்கிறாரா என்று எட்டியும் பார்த்தாள்.

"குடுத்துட்டேன்" என்றார்.

"முழுசாவா?"

"முழுசாத்தான். திங்கக்கிழமையில இருந்து மைனா வெரட்டப் போறேன்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். அவர் குறடால் ஆணியைப் பிடித்து இறுக்கினார்.

"இருக்கட்டும், பிடுங்காதீங்க" என்றாள்.

"இது எதுக்கு இனிமே?"

"முறத்தை மாட்ட இடமில்லாம பதினாலு வருசமா அடுப்படியில சாத்திச் சாத்தி ஓரமெல்லாம் நைஞ்சு போச்சு. நல்லா ஆழமா அடிச்ச ஆணி. எதுக்குப் பிடுங்கணும்?"

உள்ளே போய் முறத்தை எடுத்துவந்து, எட்டி, தானே மாட்டினாள். அது கொஞ்சம் ஆடி நின்றது. அவள் அடுப்படிக்குள் போனாள். கேப்பை மாவில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அதன்பிறகு, தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியிலிருந்து மெல்ல ஏறி, வாய்க்குள்ளேயே ஓடுகிற அந்தப் பாட்டு கேட்டது. ஊரில் அன்று எந்தத் தேர்தலும் இல்லை. தான் பாடுவது அவளுக்குத் தெரியவில்லை. சுருளிவேலும் இந்தத் தடவை அதைச் சொல்லவில்லை.